கடைசிப் பக்கம் இல்லாத யானைக்குட்டி

இன்றோடு போதும் என்று சொல்லிவிட வேண்டும்.

செருப்பைக் கழற்றும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

கிளை நூலகத்தின் மாடி. சனிக்கிழமை மதியம். சிறுவர் வாசகர் வட்டம் என்று பெயரென்னவோ பெரிதுதான். ஆரம்பித்தபோது உட்காரப் பாய் போதவில்லை. இப்போது பாய் தாராளமாக இருக்கிறது, பிள்ளைகளைத்தான் காணோம்.

வந்திருந்தது மூன்றே பேர். யுகன், ரிஸ்வானா, தர்ணிகா. ஆறாவதும் ஏழாவதும் படிக்கிறவர்கள்.

வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சற்றுப் படுத்தால் தேவலை போலிருந்தது. இந்த வட்டத்தை நடத்து என்று யாரும் அவளைக் கெஞ்சவில்லை. தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அதனால் யாரையும் நொந்துகொள்ளவும் வழியில்லை.

வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். கதையின் முடிவை வெளியே சொல்லக் கூடாது. அடுத்துப் படிக்கிறவருக்கு ருசி போய்விடும். சட்டம் போட்டதும் அவள்தான்.

இந்த முறை சுற்றுக்கு விட்டது ஒரு யானைக்குட்டிக் கதை. கூட்டத்தைத் தவறவிட்ட குட்டி, காடெல்லாம் அம்மாவைத் தேடித் திரியும். நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி. யுகன் படித்து ரிஸ்வானாவிடம் கொடுத்து, அவள் தர்ணிகாவிடம் கொடுத்து, இன்றுதான் புத்தகம் திரும்பி வந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"சூப்பருங்க மிஸ்" என்றாள் தர்ணிகா.

மற்ற இருவரும் அவரவர் முறை வந்தபோது இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

அவள் சும்மா பின்பக்கத்தைப் புரட்டினாள்.

கடைசித் தாள்களைக் காணவில்லை. குட்டி தும்பிக்கையை உயர்த்துவதோடு கதை பாதியில் நின்றது. கிழிந்த ஓரத்தில் தூசி ஏறிக் கறுத்திருந்தது. கிழிந்து பல வருடம் ஆகியிருக்கும்.

ஆக, ஒருவரும் படிக்கவில்லை.

கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. வட்டம் இன்றோடு முடிந்தது என்று சொல்ல இதைவிடத் தோதான நேரம் வாய்க்காது.

"இன்னிக்கு ஒரு நாளைக்குச் சட்டம் கிடையாது. குட்டிக்கு அம்மா கிடைச்சுதா? சொல்லுங்க."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முடிவே இல்லீங்க மிஸ்" என்றான் யுகன். "கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சிருக்குதுங்க."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"முடிவைச் சொல்லக் கூடாதுன்னீங்க. முடிவு இல்லைன்னு சொன்னா, அதுவும் முடிவைச் சொன்ன மாதிரிதானுங்க?"

அதனால்தான் இத்தனை நாள் அவன் வாயைத் திறக்கவில்லை. அவனுக்குப் பின்னால் படித்தவர்களும் மூச்சு விடவில்லை. மூன்று பேரும் சட்டத்தைக் கட்டிக் காத்திருக்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சந்தேகப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"கதை முழுசா உங்களுக்குத் தெரியுமில்லீங்க மிஸ்?" என்றாள் தர்ணிகா. "முடிவு பிரமாதமா இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க? எல்லாரும் படிச்சதுக்கப்புறம் நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தோமுங்க."

சிரிப்பு நின்றுபோனது.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று, அட்டைப் படத்தையும் பின்னட்டைக் குறிப்பையும் மட்டும் பார்த்து அலமாரியிலிருந்து உருவிய புத்தகம் அது. ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அம்மா கிடைத்துவிட்டது என்றால் நம்பியிருப்பார்கள். வகுப்பில் எத்தனையோ முறை அப்படிச் சமாளித்ததுதான்.

மூன்று முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் படிக்கவே இல்ல கண்ணு."

கீழே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

ரிஸ்வானா புத்தகத்தை எடுத்து, அட்டையை உள்ளங்கையால் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"சீக்கிரமா படிச்சுட்டுக் குடுங்க மிஸ்" என்றான் யுகன். "உங்களுக்கப்புறம் எனக்கு வேணுங்க. மறுக்கா படிக்கோணும்."

"அடுத்த சனிக்கிழமை தர்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.