அடித்தல் திருத்தல்

வயிறு எரிய எரிய என் மனைவியின் புதுக் கதையைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. கூட்டமில்லாத நேரத்தில் காலி மாத்திரைப் பெட்டிகளைப் பிரித்து, உட்புறத்து வெள்ளையில் பேனாவால் கதை எழுதுவாள். டைப் செய்ய அவளுக்கு வராது. நானும் கதை எழுதுகிறவன்தான், நேரே கணினியில். எனக்குக் கதை வராது என்று யாரும் இதுவரை முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

அவள் எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வேண்டாம் என்று அடித்துப் போட்டதைத்தான் பொறுக்க முடியாது.

‘அப்பா போன பிறகும் அம்மா அந்த அறைக் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.’

இப்படி ஒரு வரியை ஒருத்தி அடிப்பாளா? கொழுப்புதானே?

எப்படியும் குப்பைக்குப் போவதுதான் என்று அதை எடுத்து என் கதையில் வைத்தேன். பத்திரிகையில் வந்தது. ஆளாளுக்கு அந்த ஒரு வரியைத்தான் மெச்சினார்கள். அவளும் படித்தாள். நல்லா இருக்கு என்றாள். கவனிக்கவில்லை, பிழைத்தேன் என்று இருந்துவிட்டேன்.

நான் அழித்தால் திரையில் சுவடே இருக்காது. அவள் அடித்தாலும் எழுத்து அங்கேயே கிடக்கும். முன்பெல்லாம் அட்டை கிழிகிற மாதிரி கிறுக்கித் தள்ளுவாள். இப்போதெல்லாம் மெல்லிசாக ஒரே கோடு. எனக்கு வசதியாகப் போயிற்று.

ஒரு வாரமாக என் கதை ஒன்று கடைசி வரி இல்லாமல் நிற்கிறது. கிழவர் செத்துப்போகிறார், அவர் வளர்த்த நாய் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் கதை நகர்வேனா என்கிறது. நாளைக்கு அனுப்பியாக வேண்டும். அவளுக்கு வாசித்துக்கூடக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள், மடித்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுடைய கதையோ ஓய்வு பெறுகிற பேருந்து நடத்துனரைப் பற்றியது. கடைசி அட்டைக்கு வந்திருந்தேன்.

“கையெழுத்து புரியுதுல்ல?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

புரியுது என்றேன்.

அட்டையின் அடியில், மெல்லிசாகக் கோடு போட்ட ஒரு வரி.

‘நாய் தன் தட்டை மூக்கால் நகர்த்தி, அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தது.’

பொறாமையில் காது சுட்டது. இதையும் அடித்துப் போட்டிருக்கிறாளே, பாவி. அவசரமாக என் கதையைத் திறந்து அதைத் தட்டத் தொடங்கினேன்.

பாதி வரியில் விரல் நின்றது.

நடத்துனர் கதையில் நாயே கிடையாது.