எந்தப் பிள்ளை?

"அந்த ஆயாவை இன்னிக்கே நிறுத்தணும். இல்லேன்னா எல்லாப் பெத்தவங்களையும் கூட்டிட்டு வந்து உங்க வாசல்ல நிப்பேன்!"

டாக்டர் அறைக்கு வெளியே குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி, குழந்தைகள் காப்பகத்து மேடத்திடம் போனில் பொரிந்து தள்ளினாள் அவள். ஆபீஸ் போகும்போது மூன்று வயது மகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு மஞ்சள் காமாலையாம், ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம்.

"பாவம்மா, நல்ல மனுஷி..."

"என்ன நல்ல மனுஷி? கையைக் கழுவாம சோறு ஊட்டியிருப்பா! என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சு, சும்மா விடமாட்டேன்."

போனை வைத்தாள். நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த மகளின் கண் இமையை மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். விழி வெள்ளையாகத்தான் இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"டாக்டர், ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்துடுச்சா? சீக்கிரம் தடுப்பூசியைப் போட்டுடுங்க."

"இனிமே தேவையில்லம்மா. பாப்பாவுக்கு இது வந்து போயிடுச்சு."

"அய்யோ! அந்த ஆயாகிட்டேருந்தா?"

"இல்லம்மா. ரத்தத்தைப் பார்த்தா ஒரு மாசம் முன்னாடியே, பாப்பாவுக்குத்தான் முதல்ல வந்திருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது. லேசாக் காய்ச்சல், வயித்துப்போக்கு, அவ்வளவுதான். கழுவி விடுறவங்களுக்குத் தொத்திக்கிட்டா, அவங்களைப் படுக்கையில தள்ளிடும். மத்த பிள்ளைங்களுக்கு உடனே ஊசி போடணும். உங்ககிட்ட போன வருஷமே சொன்னேனே?"

ஊசியை 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று தள்ளிப்போட்டது அவள்தான். போன மாதம் காய்ச்சலுக்கு மருந்தை ஊற்றி, வயிற்றுப்போக்கையும் மூடி மறைத்து, மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடியதும் அவள்தான்.

வெளியே வருவதற்குள் போன் அடித்தது. காப்பகத்து மேடம்.

"நீங்க சொன்னபடி ஆயாவுக்குப் போன் போட்டு நிறுத்திட்டேன்மா. ஏதோ பிள்ளைகிட்டேருந்துதான் தொத்தியிருக்கும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம். எந்தப் பிள்ளைகிட்டேருந்து வந்ததுன்னு சொன்னா வேலையில வெச்சுக்கறேன்னுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவங்களுக்குத் தெரியுமாம். ஆனா சொல்ல மாட்டாங்களாம்."

"ஏ... ஏன்?"

"'சொன்னா அந்தப் பிள்ளையைச் சேர்க்க மாட்டீங்க. அப்புறம் அதோட அம்மா எப்படி வேலைக்குப் போகும்?'னு என்னையே திருப்பிக் கேக்கறாங்கம்மா!"