வெட்டிய துண்டு

திரையில், என் ஜவுளிக் கடையில் வேலை பார்த்த முத்தம்மா பட்டுப்புடவை ஒன்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள்.

பதினோரு நொடி. அத்தோடு படம் நின்றது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்போர் சங்க அறை. கைபேசியில் வரும் செய்திகளை எப்படி ஆராய்ந்து பார்ப்பது என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. சங்கத் தலைவர் என்பதால் எனக்கு முதல் வரிசை. பக்கத்தில் என் தங்கை சொர்ணம்.

"திருட்டு முழி முழிக்கிறா பாருங்கோ. இதுல ஆராய என்ன இருக்கு?" என்றார் பின்னாலிருந்த விஜயராகவன்.

எல்லோரும் சிரித்தார்கள். சொர்ணமும் சிரித்தாள்.

பாடம் எடுத்த ஷண்முகப்ரியா சிரிக்கவில்லை. "முழிய விடுங்க மாமா. இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சு? அத வெட்டுனது யாரு, எதுக்கு?"

அது ஒரு முகூர்த்தப் புடவை. பெண் வீட்டார் வந்து நின்ற நேரத்தில் காணவில்லை. தேடித் தேடி வேறு அலமாரியில் கிடைத்தது. நாற்பது வருடக் கடைக்கு அப்படியொரு தலைகுனிவு.

கேமராவைப் பாருங்கள் என்றார்கள் கடை ஆட்கள். தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இந்தத் துண்டை மட்டும் கடைக் குழுவுக்கு அனுப்பினேன்.

மாலைக்குள் தி.நகர் முழுக்கப் போய்விட்டது. அதன்பின் முத்தம்மாவைப் பெருக்கித் துடைக்கக்கூட எந்தக் கடையும் சேர்க்கவில்லை.

ஷண்முகப்ரியா என் பக்கம் திரும்பினாள். "முழு வீடியோ உங்ககிட்ட இருக்குமே ஐயா?"

"அழிஞ்சு போச்சு" என்றேன்.

அழியவில்லை.

அதில், சொர்ணம் அந்தப் புடவையைத் தன் பைக்குள் திணிக்கிறாள். பையை வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறாள். முத்தம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு அதை வெளியே எடுக்கிறாள். முந்தானையால் மூடிக்கொண்டு போய், அகப்பட்ட அலமாரியில் வைக்கிறாள்.

இந்த ஆடிக்கு நான் சொர்ணத்துக்குச் சீர்ப்புடவை அனுப்ப மறந்திருந்தேன். வாய்விட்டுக் கேட்க அவளை ரோஷம் விடவில்லை. எங்கள் வீட்டு ரத்தம்.

வேலையை விட்டு நிறுத்திய அன்று முத்தம்மா என் மேசை முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சொர்ணம்மா பேர நான் யாராண்டயும் சொல்லமாட்டேன் மொதலாளி."

இன்றுவரை சொல்லவில்லை.