முப்பத்தேழாம் படிவம்

"அந்த முப்பத்தேழாம் படிவத்தைத் தூக்கிடும்மா. வண்டி வண்டியாப் பொய்" என்றார் பேராசிரியர். படைப்பாற்றலைப் பற்றி வருடக்கணக்கில் பேசியே தொண்டை கட்டியவர்.

'பெருந்தொற்றுக் காலத்தில் படைப்பாற்றல்' என்று, பலர் நிரப்பி அனுப்பிய கேள்விப் படிவங்களை வைத்து எழுதிய ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் மாணவிக்குப் பட்டம்.

"முடியாது சார். அதை நிரப்பி அனுப்பின அம்மா ஊரடங்குல நிஜமாவே நாவல் எழுதியிருக்காங்க."

"குளியலறையில உட்கார்ந்தா?"

"தாழ்ப்பாள் போட்டுக்க அவங்களுக்கு வேற கதவு கிடைக்கலையாம். யாராவது தட்டினா குழாயைத் திறந்து விட்டுடுவாங்களாம்."

"இருநூறு பக்கம் எழுதியும் புருஷனுக்குத் தெரியலையாம்! எந்த மடையன் அவன்? பேரைச் சொல்லு, நானே விசாரிக்கிறேன்."

"தபால்ல வந்த படிவம் சார். பேரே கேட்கக் கூடாதுன்னு நீங்கதானே விதி போட்டீங்க? அந்தப் படிவத்தை நீக்கித்தான் ஆகணும்னா எனக்குப் பட்டமே வேண்டாம்."

பேராசிரியருக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் மனைவியிடம் கொட்டித்தான் அவருக்குப் பழக்கம். மாணவிக்கும் உறைக்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, கதை முழுவதையும் ஒப்பித்தார்.

"நீயே சொல்லு, இதை எவனாவது நம்புவானா?"



"ஆய்வுல இருந்து வேணும்னா என்னை நீக்கிக்கோங்க" என்றாள் மனைவி. "புத்தகத்துல இருந்து நீக்க முடியாதுங்க. காலையிலதான் அச்சாகி வந்தது. அட்டையில என் பேரு கொட்டை எழுத்துல இருக்கு."