அரை ஸ்பூன்

கனிஷ்கா நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு போனாள். ஐந்தாவது ‘கபடி’யில் அவள் குரல் நடுங்கியது.

அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது. ஏன் நடுங்குகிறது என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

விருத்தாசலத்தில் பெண்கள் கபடி இறுதிப் போட்டி. எதிரே திட்டக்குடி. எங்கள் அணிக்கு நான் கேப்டன். பாடப் போகிறவர்கள் நானும் கனிஷ்காவும்தான். பாதி ஆட்டத்தில் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். இருவருக்கும் காலே எழவில்லை.

இடைவேளையில் எலுமிச்சைத் தண்ணீரில் வெள்ளைப் பொடியைக் கலக்கினேன். வெறும் காஃபீன். களைப்பு தெரியாது, வேகம் கூடும் என்று படித்துவிட்டு ஆன்லைனில் வாங்கியது.

“என்னாக்கா இப்புடிக் கசக்குது?”

“காப்பியில இருக்கறதுதான்டி. எனக்குந்தான் கலக்கி வச்சிருக்கேன். குடி.”

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். பத்தொன்பது வயது. நான் சொன்னால் எதையும் செய்வாள்.

அவுட்டாகி வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு வேளைக்கு இருநூறு மில்லிகிராம். மீறினால் உயிருக்கு ஆபத்து என்று சிவப்பில் போட்டிருந்தது.

பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குச் சாயப்பொடி நிறுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு கிராம் கூடினாலும் சூப்பர்வைசர் திருப்பி அனுப்புவார். அப்படிப்பட்ட நான் அரை ஸ்பூன் அள்ளிப் போட்டிருந்தேன். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஆறு மடங்குக்குக் குறையவில்லை.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது.

கனிஷ்கா இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கூட்டம் எழுந்து கத்தியது. சமன். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் மாநிலப் போட்டி.

அவள் சிரிக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

அவள் எடுத்த புள்ளியில் நான் மறுபடி உள்ளே போனேன். திட்டக்குடிப் பெண் பாடி வந்து வெறுங்கையோடு திரும்பினாள். மூன்று நிமிடம் மிச்சம்.

“நானே போறேங்க்கா. கால் நிக்கவே மாட்டேங்குது.”

போகட்டும், ஒரே ஒரு தடவை என்று நினைத்தேன். நினைத்தது உண்மை.

அவள் கோட்டில் கால் வைத்தபோது பின்னாலிருந்து பனியனைப் பிடித்து இழுத்தேன்.

“ஆட்டத்த நிறுத்துங்க சார்! இவளுக்கு நான் ஒரு பொடி குடுத்துட்டேன், அளவு தெரியாம குடுத்துட்டேன்!”

கனிஷ்கா என் தோளில் வாந்தி எடுத்தாள். அப்படியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் மார்பெல்லாம் வயர் ஒட்டினார்கள். திரையில் நாடித்துடிப்பு நூற்று எழுபது, நூற்று எழுபத்தைந்து என்று ஓடியது. அது நூற்று இருபதுக்கு இறங்க இரண்டு மணி நேரமானது.

“பொழச்சிக்கும்” என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பி மணிக்கட்டைப் பிடித்தார். முகம் மாறியது.

“உனக்கும் நூத்தி முப்பது அடிக்குதே. நீ எவ்ளோ குடிச்ச?”

கனிஷ்கா கண்ணைத் திறந்தாள்.

“அக்காவ மொதல்ல பாருங்க டாக்டர். எனக்குப் பரவாயில்ல.”

நர்ஸ் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். நான் ஏறிப் படுத்துக்கொண்டேன். குளிர்ந்த வயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினார்.

கனிஷ்கா கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுக் குடிக்கலாம் என்றுதான் வைத்திருந்தேன்.