பாரியா

பாரிஸில் அந்த அலுவலகத்தில் யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும், எல்லோரும் மாட்டியிருந்த காதுக்கருவி அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடும். மதியச் சாப்பாட்டில் கிளெமான்ஸ், "மேலதிகாரி என்னை பாரியா மாதிரி ஒதுக்கிட்டார்" என்று பிரெஞ்சில் அலுத்துக்கொண்டாள்.

"பாரியா. போர்த்துகீசியம் வழியாக வந்தது. மூலம் தமிழ், பறையர்" என்றது கருவி, எல்லோர் காதிலும்.

"உங்க மொழியா!" என்று கிளெமான்ஸ் எதிரே இருந்த தமிழர் இருவரையும் பார்த்து வியந்தாள். இருதயமேரி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

அவளுடைய மீன்குழம்பை மூன்று வருடமாக உரிமையோடு எடுத்துச் சாப்பிட்டுவந்த சபாபதி, மெல்லத் தமிழில் கேட்டான்: "ஆமா, உங்களுக்குப் பாண்டிச்சேரியில எந்தப் பக்கம்?"

"அந்த வார்த்தை பொறந்த பக்கந்தான்."

"சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்தான்.

மறுநாள் அவள் குழம்பை நீட்டியபோது, "வயிறு சரியில்லைங்க" என்றான். பிறகு கிளெமான்ஸின் தட்டிலிருந்த வறுத்த கோழியை எடுத்துக் கடித்தான்.