வீடு கொடுத்த புகார்

வீட்டுச் சுவர்களே பேச்சைக் கேட்டு, ஆபத்தென்றால் அரசுக்கு அறிவிக்கும் காலம் அது. மெஞ்ஞானபுரத்தில், கணவனைப் புதைத்துவிட்டு வந்த சாலோமி, மாலை ஜெபத்தில் “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று புலம்பும் வேதாகமச் சங்கீதம் ஒன்றைச் சத்தமாக வாசித்தாள். முடிப்பதற்குள் நல அதிகாரி வாசலில் நின்றார்.

“உங்களை யாரோ கைவிட்டுட்டதா வீடு புகார் கொடுத்திருக்கும்மா. யாரு அது?”

“கர்த்தர், சார்.”

அதிகாரி குழம்பினார். “உங்க வீட்டுக்காரரா?”

“அவிய எறந்துட்டாவ. இவரு வேற.”

“சரி, வேற யாரோ. அவர் நேர்ல வந்து பொறுப்பேத்துக்கிட்டா உங்களை இங்கேயே விட்டுடலாம். இல்லேன்னா காப்பகம்தான். கூப்பிடுங்க அவரை.”

“தெனமும் கத்திக் கத்திக் கூப்பிடுதேன் சார். இன்னைக்கு நீங்கதான் வந்திருக்கீங்க.”